நட்டம் யாருக்கு என்று முதலில் கேளுங்கள்

தமிழில் ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ எழுதி முடித்தவர், அடுத்த வேலையாகத் தெரிந்த எழுத்தாளர் யாருக்காவது போன் போடுகிறார். "நல்ல பதிப்பகமா ஒண்ணு சொல்லுங்க சார்." பணம் கேட்பார்களா, சொன்ன மாதத்தில் புத்தகம் வருமா, எத்தனை பிரதி அடித்தோம் என்று சொல்வார்களா, ராயல்டி என்று ஏதாவது கைக்கு வருமா என்ற அத்தனை கவலையும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. மூத்தவர் இரண்டு பெயர் சொல்வார். "ஆனா அவங்க வருஷத்துக்குக் கொஞ்சம்தான் போடுவாங்க, வரிசையில நிக்கணும்" என்பார். மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கும். "போடுவாங்க, சீக்கிரமே போடுவாங்க. கணக்கு வழக்கெல்லாம் நீங்கதான் பேசிக்கணும்."

புதிதாக எழுத வருகிறவர்களில் பலர் போய்ச் சேருவது அந்த மூன்றாவது இடத்தில்தான். சேமிப்பிலிருந்தோ நகையை அடகு வைத்தோ பணம் கட்டிப் புத்தகம் போட்டுவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருப்பவர்கள் தமிழகத்தின் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கத் தெரிந்தவர்கள். சொந்தப் புத்தகம் என்று வந்ததும் ஒரு துண்டுத் தாளில்கூட எதையும் எழுதி வாங்காமல் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள்.

பள்ளிபாளையம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் அனுபவம் இது. விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். தறி ஓடும் வீடுகளின் வாழ்க்கையை நாவலாக எழுதினார். 208 பக்கம், அச்சுக்காரர் கணக்கில் 13 ஃபாரம். கையெழுத்துப் பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிய மறுநாளே பதில் வந்தது.

"மேடம், நாவல் பிரமாதம். நம்மகிட்ட சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு மூணு பேக்கேஜ் இருக்கு. உங்க பட்ஜெட் எவ்வளவுன்னு சொல்லுங்க."

"எந்த இடம் பிடிச்சிருந்தது சார்?"

"எல்லாமேதான் மேடம்."

மறுநாளே பதில் வந்ததையும் அந்தப் பதில் எல்லாவற்றையும் பாராட்டியதையும் அப்போது அவர் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார். 42,000 ரூபாயை இரண்டு தவணையாக ஜீபேயில் அனுப்பினார். 300 பிரதி, விலை 250 ரூபாய், 10 சதவீத ராயல்டி என்பது பேச்சு. எல்லாமே வாட்ஸ்அப்பில். 50 பிரதி வீட்டுக்கு வந்தது. மீதி "ஸ்டாக்கில்" இருப்பதாகச் சொன்னார்கள். ஜனவரியில் பிள்ளைகளோடு ரயிலேறி, நந்தனம் ஒய்எம்சிஏ திடலில் நடந்த சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வந்தார். பதிப்பகத்தின் அரங்கில் எந்த அடுக்கிலும் அவர் புத்தகம் இல்லை. கேட்டதும், பில் போடும் பையன் மேசைக்கு அடியிலிருந்து இரண்டை எடுத்துத் தூசி தட்டி முன்னால் வைத்தான். ஒரு வருடம் கழித்துக் கணக்குக் கேட்டார். "இன்னும் மூவ் ஆகல மேடம்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவில்லை.

இதை வெறும் ஏமாற்று என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பதிப்பகம் முழு யோக்கியமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பேச்சிலேயே இருக்கும் ஓட்டை தெரியும். 250 ரூபாயில் 10 சதவீதம் 25 ரூபாய். 300 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் அவருக்கு வருவது 7,500 ரூபாய். கட்டியதோ 42,000. அத்தனையும் விற்றாலும் கைநட்டம் 34,500. அதே 300 பிரதியை, கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்துவிட்டு அவரே விற்றிருந்தால் பிரதிக்கு 162 ரூபாய் 50 காசு, மொத்தம் 48,750 வந்திருக்கும். முதல் போட்டவர் அவர், விற்பனைப் பணம் மட்டும் இன்னொருவருக்கு.

ராயல்டி 10 சதவீதம் என்ற வழக்கம் எப்படி வந்தது? தாள், அச்சு, கட்டு, கடைக்கழிவு, போக்குவரத்து, விற்காத பிரதிகள் தேங்கும் அறையின் வாடகை ஆகிய எல்லாவற்றையும் பதிப்பாளர் சுமக்கிறார் என்பதால்தான் எழுதியவருக்குப் பத்தும் மற்றதெல்லாம் அவருக்கும் என்ற பங்கீடு நியாயமாகிறது. சுமையை எழுத்தாளர் தலையில் ஏற்றிவிட்டுப் பங்கை மட்டும் பழைய கணக்கில் பிரிக்கிறவரைப் பதிப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அச்சகத்துக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் நிற்கும் தரகர். தரகும் ஒரு தொழில்தான். அதைத் தரகு என்று சொல்லிச் செய்யட்டும். பதிப்பகம் தேடுகிறவர் எடுத்த எடுப்பில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்தப் புத்தகம் விற்காமல் போனால் நட்டம் யாருக்கு?

அந்தக் கேள்விக்கு "எங்களுக்கு" என்று பதில் சொல்கிறவர் உங்கள் பிரதியைக் கட்டாயம் படித்திருப்பார். தன் பணத்தைப் போடுகிறவர் படிக்காமல் போடமாட்டார்.

300, 50, 30

முன்பெல்லாம் ஆஃப்செட்டில் தட்டு எடுத்து ஓட்டினால் ஆயிரம் பிரதியாவது அடித்தால்தான் கட்டுப்படி ஆகும். ஆயிரம் பிரதியின் தாள்விலை கையைக் கடிக்கும் என்பதால் பதிப்பாளர் யோசித்துத்தான் ஒரு புத்தகத்தை எடுப்பார். டிஜிட்டல் அச்சும், கேட்டபோது அடித்துக் கொடுக்கும் பிஓடி முறையும் வந்த பிறகு 30 பிரதிகூட அடிக்கலாம். சிறு பதிப்பகங்களுக்கு இது பெரிய வரம். நூறு பேர் மட்டுமே வாங்கக்கூடிய ஆய்வு நூலும் மறுபதிப்பே காணாத பழைய சிறுகதைத் தொகுப்பும் இன்று கிடைப்பதற்கு இந்த எந்திரம்தான் காரணம்.

ஆனால் எத்தனை அடித்தார்கள் என்பது அடித்தவருக்கு மட்டுமே தெரியும் என்ற நிலையும் அதோடு வந்தது. "ஸ்டாக்கில் இருக்கிறது" என்ற அந்த 250 பிரதிகள் அச்சாகவே இல்லாமல் இருக்கலாம். 50 பிரதிக்கு ஒரு பதிப்பு என்று கணக்கு வைத்து, மூன்று மாதத்தில் "நான்காம் பதிப்பு" என்று அட்டையில் போடவும் முடியும். எழுதியவருக்குப் பெருமையாக இருக்கும், வாசகருக்கும் பரபரப்பாக இருக்கும். அதை வைத்து ராயல்டி கேட்டால் மொத்தமே 200 பிரதிதான் என்று தெரியவரும். பதிப்பு எண்ணோடு பிரதி எண்ணிக்கையையும் அச்சிடும் பழக்கம் சில பதிப்பகங்களில் இருந்தது. அதை எல்லோரும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பேக்கேஜ் விளம்பரங்களில் பட்டியலிடப்படும் சலுகைகளையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணை ஒரு சேவையாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகவே தருகிறது. தன் புத்தகத்தைத் தானே வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். காப்பிரைட் பதிவு செய்து தருவதாகச் சொல்கிறார்கள். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. செய்துகொள்ள விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். அமேசானில் ஏற்றுவதாகச் சொல்கிறார்கள். அதை யாரும் செய்யலாம். இவ்வளவையும் கழித்துவிட்டால் அந்தப் பெரிய தொகையில் மிஞ்சுவது அச்சுக்கூலியும் அவர்கள் லாபமும்தான்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், டெல்லி, மும்பை நூலகங்களுக்கும் அனுப்பியாக வேண்டும். "கன்னிமாராவுக்கு அனுப்பிட்டீங்களா?" என்றால் முழிக்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சொந்தக் காசில் போட்டவர்கள்

சொந்தப் பணத்திலோ தானே திரட்டிய பணத்திலோ புத்தகம் போடுவதில் எந்த இழிவும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழின் பெரிய புத்தகங்கள் பல அப்படி வந்தவை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். 1920இல் கடையத்தில் இருந்த பாரதி, தன் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதி வீதம் அச்சிடப் பெரிய திட்டம் போட்டு, அதற்குக் கடன் கொடுக்கும்படி அன்பர்களைக் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு அவை போகும் என்று நம்பினார். கேட்ட பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். சி.சு.செல்லப்பா புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். முதிய வயதில், 1997இல், மூன்று பாகமாக விரிந்த 'சுதந்திர தாகம்' நாவலை அவரே வெளியிட்டார். மறு ஆண்டு இறந்தார். அந்த நாவலுக்கான சாகித்திய அகாதெமி விருது 2001இல்தான் வந்தது.

இவர்கள் பணத்தைத் தாங்களே போட்டார்கள், அல்லது திரட்டப் பார்த்தார்கள். வந்த புத்தகமும் அவர்கள் கையில்தான் இருந்தது. எத்தனை அடித்தது, எத்தனை விற்றது, எத்தனை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று பணம் போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த வழியில் போகலாம். ராயப்பேட்டையிலோ சிவகாசியிலோ ஓர் அச்சகத்தில் நேரே விலை கேட்டு, அட்டைக்கு ஓர் ஓவியரையும் மெய்ப்புப் பார்க்க ஒரு தமிழாசிரியரையும் பிடித்தால் புத்தகம் வந்துவிடும். விநியோகத்துக்கு மட்டும் ஒரு பதிப்பகத்தோடோ கடையோடோ கழிவு பேசிக்கொள்ளலாம். அலைச்சல் உண்டு. புத்தகம் உங்களுடையது.

நல்ல பதிப்பாளர் எப்படி இருப்பார் என்பதற்கும் தமிழில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் பதிப்பகம், தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' போன்ற நூல்களை அந்தக் காலத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாத நேர்த்தியோடு கொண்டுவந்தது. 1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், ஒரு பிரதியை எடுத்தால் வரிவரியாக ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்துவார். 1992இல் வெளிவந்த தற்காலத் தமிழ் அகராதியைத் தன் வாழ்நாள் முழுதும் விரித்துக்கொண்டே போனார். 2020இல் விரிவாக்கிய பதிப்பைப் பார்த்துவிட்டுக் கொரோனாவில் இறந்தார். இப்படிப்பட்டவர்களிடம் புத்தகம் கொடுத்தவர்கள் தாமதத்தைப் பற்றி முணுமுணுத்திருக்கலாம். ஆனால் ஒரு பிரதியை இத்தனை கவனத்தோடு படித்த மனிதரிடம் தன் உழைப்பை ஒப்படைக்கிறோம் என்ற நிம்மதி அவர்களுக்கு இருந்தது. பிழைதிருத்தமும் இல்லாமல் டிசம்பர் கடைசியில் பரபரப்பாக அச்சாகி, பசை காயும் முன்னே ஜனவரிக் கண்காட்சிக்கு வந்து விழும் புத்தகங்களில் அந்த நிம்மதி எங்கிருந்து வரும்?

பக்கத்துக் கேரளத்தில், எழுதியவருக்கு நியாயமான பங்கு கிடைக்காத இந்தச் சிக்கலை எழுத்தாளர்களே நேராகக் கையில் எடுத்தார்கள். 1945இல் கோட்டயத்தில் எம்.பி.பால் தலைமையில் எழுத்தாளர்கள் கூடி சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கதாசிரியரும் பள்ளி ஆசிரியருமான காரூர் நீலகண்ட பிள்ளை அதன் செயலாளர். எழுத்தாளருக்கு 30 சதவீதம் ராயல்டி கொடுத்த சங்கம் அது. எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று ஒரு தலைமுறை மலையாள எழுத்தாளர்கள் எண்ணியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எழுதி வாங்குங்கள்

பதிப்பாளர்கள் தரப்பையும் கேட்காமல் இதை எழுதக் கூடாது. கடைக்காரர் 35, 40 சதவீதம் கழிவு எடுத்துக்கொண்டு பணத்தை ஆறு மாதம் கழித்துத் தருகிறார். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அரசு ஆணை எப்போது வரும் என்று தெரியாது. தாள் விலை ஏறுகிறது, கண்காட்சி அரங்கு வாடகை ஏறுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் சொந்தப் பணத்தைப் போட்டு, புது ஆளின் முதல் தொகுப்பைக் கொண்டுவருகிற சின்னப் பதிப்பகங்கள் ஊர் ஊருக்கு இருக்கின்றன. அவர்களில் சிலர், "50 பிரதி நீங்க கழிவு விலைக்கு வாங்கிக்கிட்டா எங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள். அதில் தப்பில்லை. 50 பிரதி உங்கள் கைக்கு வருகிறது, மீதியின் நட்டம் அவர்களுடையதாகவே இருக்கிறது.

அப்படிப்பட்ட நல்ல மனிதரிடமும் எழுதி வாங்கத்தான் வேண்டும். "நமக்குள்ள எதுக்குங்க ஒப்பந்தம்?" என்பது தமிழ்ப் பதிப்புலகில் அடிக்கடி கேட்கும் வாசகம். அன்போடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த அன்பான மனிதர் இல்லாத ஒரு நாளில் அவர் மகனோடு நீங்கள் பேச வேண்டிவரும். அவரிடம் காட்ட உங்களிடம் என்ன இருக்கும்?

சட்டம் இதில் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, எழுத்தில் இல்லாத, கையெழுத்து இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு சொல்லாமல் விட்டிருந்தால் இந்தியாவுக்குள் என்று பொருள். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை அந்த உரிமை தானாகவே காலாவதியாகும். பிரதியை வாங்கி வருடக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டுவைக்கும் பதிப்பகத்திடம் மன்றாடிக்கொண்டிருக்கும் அன்பர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

ஒப்பந்தங்களில் இப்போது புதிதாக முளைத்திருப்பது, இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா வடிவங்களுக்கும் உரிமை பதிப்பகத்துக்கே என்ற வாசகம். ஒலிநூல், மின்னூல், மொழிபெயர்ப்பு, சினிமா, வெப் சீரிஸ் எல்லாவற்றையும் ஒரே அள்ளில் அள்ளப் பார்க்கிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்திடும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகப் பெயர் சொல்லி எழுதாவிட்டால் அந்த உரிமை போகாது. இருந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று தொடங்குங்கள். மற்றது வரும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அதே தாளில் இன்னொரு வரி இருக்கும். வழக்கு ஏதும் வந்தால் முழுப் பொறுப்பும் ஆசிரியரையே சாரும் என்று. அதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட பதிப்பகமும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010இல். 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். தன் நூல்களை விற்க வேண்டாம், பதிப்பகங்களின் நட்டத்தைத் தானே ஈடுகட்டுகிறேன் என்றும் சொன்னார். பதிப்பித்த காலச்சுவடு அந்த நாவலையும் அவரையும் கைவிடவில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் புத்தகம் மறுபடியும் கடைக்கு வந்தது. எல்லார் புத்தகத்துக்கும் அப்படி ஒரு புயல் வரப்போவதில்லை. ஆனாலும் சாதியையோ கோயிலையோ உள்ளூர்ப் பெரிய மனிதரையோ தொட்டு எழுதியிருப்பவர், "நாளைக்கு யாராவது கடைக்கு வந்து கத்தினா நீங்க என்ன செய்வீங்க?" என்று முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. பதிப்பாளர் சொல்லும் பதிலைவிட, பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் அந்தப் பதிப்பகத்தின் புத்தகம் ஐந்தாறை வாங்கி வந்து வீட்டில் வைத்துப் பாருங்கள். முதல் பத்துப் பக்கத்தில் ஒற்றுப் பிழை எத்தனை, 'ர'வும் 'ற'வும் எங்கெங்கே இடம் மாறியிருக்கின்றன? புத்தகத்தை முழுசாக விரித்தால் முதுகு விட்டுக்கொண்டு தாள் கையோடு வருகிறதா? உள்பக்கத்தில் உரிமை 'ஆசிரியருக்கு' என்று இருக்கிறதா, 'பதிப்பகத்தாருக்கு' என்று இருக்கிறதா? பிறகு, அங்கே புத்தகம் போட்ட இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். புகழ்பெற்றவர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு எல்லா இடத்திலும் மரியாதை கிடைக்கும். முதல் புத்தகம் போட்டு, அதிகம் விற்காமல் போன ஒருவரைக் கேட்க வேண்டும். அவருக்கு ஏப்ரல் மாதம் கணக்குத் தாள் வந்ததா? "இந்த ஆண்டு 17 பிரதி விற்றது" என்று எழுதிச் சின்னத் தொகைக்கு ஒரு காசோலை அனுப்புகிற பதிப்பகம் இருந்தால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

உறவு முடியும்போது என்ன என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க விருப்பம் இல்லை என்றால் ஒப்புகை கிடைக்கும் தபாலில் ஒரு கடிதம் போதும். கையிருப்புப் பிரதிகளை எத்தனை மாதத்துக்குள் விற்றுத் தீர்க்கலாம், மிச்சத்தை ஆசிரியர் எந்தக் கழிவில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

அநேகர் மறப்பது கணினிக் கோப்பை. பக்கம் கட்டி, மெய்ப்புத் திருத்தி முடித்த கடைசி வடிவம் பதிப்பகத்தின் கணினியில்தான் இருக்கும். ஆசிரியரிடம் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய வேர்டு கோப்பு. பழைய பேஜ்மேக்கர் கோப்பாக இருந்தால் எழுத்துருவும் யூனிகோடுக்கு முந்தையது, வேறு கணினியில் திறந்தால் எல்லாம் கட்டம் கட்டமாகக் கிடக்கும். இதனாலேயே வேறு பதிப்பகத்துக்குப் போகிறவர்கள் தங்கள் சொந்தப் புத்தகத்தையே திரும்ப உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதாகிறது, பழைய பிழைகள் போய்ப் புதுப் பிழைகள் ஏறுகின்றன. அச்சுக்குப் போகும் நாளிலேயே இறுதி வடிவத்தின் பிடிஎஃப் ஒன்றும் யூனிகோடில் மாற்றிய கோப்பு ஒன்றும் ஆசிரியருக்குத் தரப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதற்குப் பதிப்பாளருக்குக் காசு செலவில்லை. மறுக்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அடுத்த பதிப்பகத்துக்குப் பிரதியை அனுப்புங்கள்.